யாருக்கு வேண்டிய கணினி? சிம்ப்யூட்டரின் வரலாறும் 'வேண்டும்' என்னும் சொல்லும்

2001 ஏப்ரல் 25 அன்று பெங்களூரில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி அறிமுகம் செய்யப்பட்டது. கறுப்பு வெள்ளைத் தொடுதிரை, 206 மெகாஹெர்ட்ஸ் செயலி, 32 மெகாபைட் நினைவகம், லினக்ஸ் இயங்குதளம் ஆகியவற்றோடு, அட்டை ஒன்றைச் செருகுவதற்கான பிளவும் அதில் இருந்தது. மின்சாரம் இல்லாத ஊரிலும் இயங்கும்படி, கடைத்தெருவில் கிடைக்கும் சிறு பேட்டரிகளே அதற்குப் போதும் என்றார்கள். அதன் தனிச்சிறப்பு வேறொன்று. திரையில் உள்ள எழுத்தைத் தொட்டால் கன்னடம், இந்தி, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் அது வாய்விட்டுப் படித்துக் காட்டும். அதே 2001ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் எழுத்தறிவு பெற்றோர் ஏறக்குறைய 65 விழுக்காட்டினர். எஞ்சிய மூன்றில் ஒரு பங்கினரை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது அக்கருவி. எளிமை, மலிவு, பன்மொழி, மக்கள் என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொற்களின் எழுத்துகளைக் கோத்து அதற்குச் சிம்ப்யூட்டர் என்று பெயரிட்டனர்.

சிம்ப்யூட்டர் இன்று தோல்வியுற்ற கண்டுபிடிப்புகளின் பட்டியலில் ஓர் அடிக்குறிப்பாக எஞ்சி நிற்கிறது. தாமதம், விலை, கைபேசியின் வருகை என மூன்று காரணங்கள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. மூன்றும் உண்மையே. ஆயினும் அதன் வரலாற்றுக்குள் இன்னும் விடை காணப்படாத கேள்வி ஒன்று இருக்கிறது: உன்னதமான கையடக்கக் கணினி எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் யார் அமர்ந்திருந்தார்கள்?

தமிழில் 'வேண்டும்' என்னும் வினை இக்கேள்வியைத் தன் இலக்கணத்திலேயே சுமந்து நிற்கிறது. 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்பதில் அது விருப்பத்தையும் தேவையையும் ஒருசேரக் குறிக்கிறது. 'நீ படிக்க வேண்டும்' என்பதில் கட்டளையாகிவிடுகிறது. விருப்பப் பொருளில் வரும்போது விரும்புகிறவர் எழுவாயாக நிற்பதில்லை. நான்காம் வேற்றுமை ஏற்று 'எனக்கு', 'அவர்களுக்கு' என்றே வருவார். 'எனக்கு வேண்டும்' என்று சொல்கிறவரும் வேண்டுகிறவரும் ஒருவரே. 'அவர்களுக்கு வேண்டும்' என்னும்போது சொல்கிறவர் வேறு, வேண்டுவதாகச் சொல்லப்படுகிறவர் வேறு. கையடக்கக் கணினியின் இந்திய வரலாறு பெரிதும் இந்த இரண்டாவது வாக்கியத்தின் வரலாறு.

அட்டைப் பெட்டியும் ஈயக்குண்டுகளும்

கையில் எடுத்துச் செல்லும் கணினி பற்றிய கனவு, அதைச் செய்யும் தொழில்நுட்பத்துக்கு முன்பே பிறந்துவிட்டது. 1968இல் அமெரிக்கக் கணினி அறிஞர் ஆலன் கே, குழந்தைகளுக்குக் கணினி வழியே கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த சீமோர் பேப்பர்ட்டைச் சந்தித்தார். கணினி என்பது அறைக்குள் நிற்கும் இயந்திரமாக அல்லாமல், புத்தகத்தைப் போல ஒவ்வொரு குழந்தையின் கையிலும் இருக்கக்கூடிய ஊடகமாக அமையலாம் என்னும் எண்ணம் அங்கிருந்து வளர்ந்தது. அத்தகைய கருவி எவ்வளவு கனம் இருக்கலாம் என்று கண்டறிய, அவர் அட்டையால் ஒரு மாதிரி செய்து அதற்குள் ஈயக்குண்டுகளை இட்டுத் தூக்கிப் பார்த்தார். 1972இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் இருந்தபோது அக்கனவைக் கட்டுரையாக எழுதினார். 'டைனாபுக்' என்று பெயர் பெற்ற அக்கருவி குறிப்பேட்டின் அளவில் இருக்க வேண்டும், நான்கு பவுண்டுக்கு மேல் கனக்கக் கூடாது, விலை 500 டாலரை ஒட்டி அமைய வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தை அதில் தானே நிரல் எழுத வேண்டும். பிறர் ஆக்கியதை நுகர்வதற்கான பொருளாக அவர் அதைக் கருதவில்லை.

சந்தைக்கு முதலில் வந்தவை அவர் கனவு கண்டவை அல்ல. 1981இல் வெளியான ஆஸ்பார்ன் 1 கணினி ஏறக்குறைய 11 கிலோ எடை கொண்டது. தையல் இயந்திரப் பெட்டியைப் போலத் தூக்கிச் சென்று, போன இடத்தில் மின்இணைப்புத் தேடிச் செருகினால்தான் இயங்கும். 1982இல் வந்த கிரிட் காம்பஸ் இன்றைய மடிக்கணினியைப் போல மடித்து மூடக்கூடியது. விலை 8,000 டாலருக்கும் மேல். அதை வாங்கியோரில் அமெரிக்க ராணுவமும் நாசாவும் முதன்மையானவை. குழந்தைக்காகக் கனவு காணப்பட்ட பொருள் அதிகாரியின் மேசைக்கும் போர்வீரனின் பைக்கும் முதலில் போய்ச் சேர்ந்தது. இந்த வரிசை பின்னர் பெங்களூரிலும் வேறு வடிவில் நிகழ்ந்தது.

அட்டை யாருடையதோ கணினி அவருடையது

வளரும் நாடுகளுக்கான தகவல் தொழில்நுட்பம் குறித்து 1998 அக்டோபரில் பெங்களூரில் ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கு நடந்தது. சிம்ப்யூட்டர் பற்றிய எண்ணம் அதை ஒட்டியே உருப்பெற்றது. இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகிய நால்வரும், என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தைச் சேர்ந்த வினய் தேஷ்பாண்டே, ஷஷாங்க் கார்க், மார்க் மத்தியாஸ் ஆகிய மூவரும் இணைந்து 1999இல் சிம்ப்யூட்டர் அறக்கட்டளையைத் தொடங்கினர்.

அவர்கள் முன்வைத்த கருவி, ஆலன் கேயின் கனவிலிருந்து ஓர் அடிப்படையில் விலகியது. டைனாபுக் ஆளுக்கு ஒன்று. அதன் உரிமையாளர் ஒரு தனிமனிதர். சிம்ப்யூட்டரோ ஊருக்கு ஒன்று. ஏறக்குறைய 9,000 ரூபாய் என்று இலக்கு வைத்தாலும் அது வேளாண் கூலித் தொழிலாளி ஒருவரின் பல மாத வருமானம் என்பதை வடிவமைப்பாளர்கள் அறிந்திருந்தனர். எனவே ஊராட்சியோ, பள்ளியோ, அஞ்சல்காரரோ, கடைக்காரரோ அதை வைத்திருந்து பிறருக்குச் சிறிது நேரம் வாடகைக்குத் தரலாம் என்று திட்டமிட்டனர். பயன்படுத்துகிறவர் தம் கையில் வைத்திருப்பது ஓர் அட்டை மட்டுமே. அவருடைய கணக்கும் விருப்பங்களும் அந்த அட்டையில் இருக்கும். செருகும்போது கருவி அவருடையதாகும். உருவிய பின் அடுத்தவருடையதாகும்.

இது வெறும் சிக்கன ஏற்பாடன்று. 'எடுத்துச் செல்லத்தக்கது எது' என்னும் கேள்விக்கு அவர்கள் புதிய விடை தந்தனர். மேலை நாட்டுக் கனவில் எடுத்துச் செல்லப்பட்டது இயந்திரம். பெங்களூர்க் கனவில் எடுத்துச் செல்லப்பட்டது ஒருவரின் தரவு. அதுவும் அவருடைய சட்டைப் பையில், அவருடைய கட்டுப்பாட்டில். பொதுத் தொலைபேசிக் கடைகளில் வரிசையில் நின்று பேசிப் பழகிய ஒரு நாட்டில், பொதுவில் வைத்துத் தனியாகப் பயன்படுத்தும் முறை விசித்திரமானதும் அல்ல.

வடிவமைப்பின் உரிமையிலும் ஒரு புதுமை இருந்தது. மென்பொருளுக்கு மட்டுமே பழக்கமாயிருந்த திறந்த உரிம முறையை அவர்கள் வன்பொருளுக்கும் விரித்தனர். உரிமம் பெறும் நிறுவனம் வடிவமைப்பை மேம்படுத்தி ஓராண்டுவரை அதன் பயனைத் தனியே அனுபவிக்கலாம். அதன்பின் அம்மேம்பாட்டைப் பொதுவில் திருப்பித் தர வேண்டும். வளரும் நாட்டு நிறுவனங்களுக்கு உரிமக் கட்டணம் குறைவு. 2001 இறுதியில் நியூயார்க் டைம்ஸ் இதழ் வெளியிட்ட ஆண்டின் சிந்தனைகள் தொகுப்பில் எழுத்தாளர் புரூஸ் ஸ்டெர்லிங் சிம்ப்யூட்டரைப் பற்றி எழுதினார். பொருளைக் காட்டிலும் அதன் பின்னிருந்த சிந்தனையே உலகின் கவனத்தை ஈர்த்தது.

எழுத்துக்குக் குரல் கொடுத்தல்

படிக்கத் தெரியாதவர் கணினியைப் பயன்படுத்துவது எப்படி? மொழியியல் நோக்கில் சிம்ப்யூட்டர் எதிர்கொண்ட மிகக் கடினமான சிக்கல் இதுவே. ரமேஷ் ஹரிஹரனின் முன்னெடுப்பில் உருவான 'த்வனி' என்னும் மென்பொருள், எழுத்தை ஒலியாக மாற்றும் பணியை ஏற்றது. இருந்த நினைவகமோ மிகச் சிறியது. முழுச் சொற்களைப் பதிவு செய்து வைக்க இடமில்லை. ஆகவே மெய்யும் உயிரும் சேர்ந்த சிறு ஒலித்துண்டுகளைப் பதிவு செய்து, தேவைப்படும்போது ஒட்டி ஒலிக்கச் செய்யும் முறை கையாளப்பட்டது.

இந்திய எழுத்துமுறைகள் ஒலிப்பை ஒட்டியவை என்பதால் இது எளிதாகத் தோன்றும். அத்தோற்றம் முழு உண்மையன்று. கன்னடம் கிட்டத்தட்ட எழுதியபடியே ஒலிக்கிறது. இந்தியில் அப்படியில்லை. உப்பைக் குறிக்கும் சொல்லை 'நமக' என்று எழுதி 'நமக்' என்று ஒலிப்பார்கள்; இறுதி அகரம் மறைகிறது. உப்பிட்ட தின்பண்டத்தைக் குறிக்கும் சொல்லை 'நமகீன' என்று எழுதி 'நம்கீன்' என்று ஒலிப்பார்கள். இப்போது நடுவிலுள்ள மகரத்தின் அகரமும் மறைகிறது. முதற்சொல்லில் ஒலித்த அகரம் இரண்டாம் சொல்லில் ஏன் ஒலிக்கவில்லை என்பதை இயந்திரத்துக்கு விதியாகச் சொல்லித் தர வேண்டும். தமிழில் சிக்கல் வேறு வகையானது. கடல், தங்கம், பகல் ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. இடத்தை வைத்து விதி வகுக்கலாம் என்றால், காந்தி என்னும் பெயர் வந்து அவ்விதியை உடைக்கிறது.

இவற்றைவிட ஆழமான தடையொன்று உண்டு. தமிழ் இரட்டை வழக்கு மொழி. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வேறு வேறு. அரசு அறிக்கையில் 'நிலவரி செலுத்தப்பட வேண்டும்' என்று இருந்தால் இயந்திரம் அதை அப்படியேதான் ஒலிக்கும். 'நெலவரி கட்டணும்' என்று வாழ்நாளெல்லாம் பேசியவரின் காதில் அப்போது விழுவது ஏட்டுத்தமிழ். கன்னடத்திலும் எழுத்துக்கும் ஊர்ப்புறப் பேச்சுக்கும் இடையே கணிசமான தொலைவு இருக்கிறது. ஒலிமாற்றி மென்பொருள் எழுத்து என்னும் சுவரை அகற்றியது. அதன் பின்னே நின்ற இன்னொரு சுவரை அதனால் அகற்ற இயலவில்லை. படிப்பறிவு என்பது எழுத்துக்கூட்டும் திறன் மட்டுமாக இருந்திருந்தால் த்வனி போதுமானதாக இருந்திருக்கும். எழுத்துமொழியின் வாக்கிய அமைப்போடும் கலைச்சொற்களோடும் ஏற்படும் பழக்கமும் படிப்பறிவின் பகுதியே.

மேலும், அக்குரல் ஒரு திசையில் மட்டுமே சென்றது. கருவி பேசியது; கேட்கவில்லை. பேச்சை அறிந்துகொள்ளும் மென்பொருளுக்கு அன்றைய கையடக்கச் செயலிகளின் திறன் போதாது. படிக்கத் தெரியாதவர் அதன் சொல்லைக் கேட்கலாம். மறுமொழியாகத் திரையிலுள்ள படங்களைத் தொடலாம். தம் சொல்லில் ஒன்றைக் கேட்கவோ மறுக்கவோ முடியாது. தொழில்நுட்ப வரம்பினால் ஏற்பட்ட இந்த ஒருதிசைத்தன்மை, கருவி சந்தைக்கு வந்தபோது வேறொரு பொருளைப் பெற்றது.

வாங்கியவர்கள்

அறிமுகமான மாதிரி விற்பனைப் பொருளாக மூன்று ஆண்டுகள் ஆயின. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் தொடங்கிய பிகோபெட்டா நிறுவனம், பொதுத்துறை நிறுவனமான பாரத் எலக்ட்ரானிக்ஸுடன் சேர்ந்து 2004 ஏப்ரலில் 'அமிடா சிம்ப்யூட்டர்' என்னும் கருவியை வெளியிட்டது. மிகக் குறைந்த விலை மாதிரியே ஏறக்குறைய 10,000 ரூபாய். வண்ணத்திரை கொண்டதன் விலை அதன் இருமடங்கை நெருங்கியது. கையில் பிடித்து அசைத்தால் அதை உணரும் உணரி அதில் இருந்தது. பின்னாளில் திறன்பேசிகளில் எல்லோரும் வியந்த அந்த வசதி, பெங்களூரில் உருவான கருவியொன்றில் 2004லேயே இடம்பெற்றிருந்தது.

விற்பனை எதிர்பார்ப்புக்கு வெகு கீழே நின்றது. ஓராண்டில் 50,000 விற்கும் என எதிர்பார்த்த இடத்தில் ஏறக்குறைய 4,000 மட்டுமே விற்றதாகவும், அவற்றிலும் ஊர்ப்புறப் பயன்பாட்டுக்கு வாங்கப்பட்டவை பத்தில் ஒரு பங்கே என்றும் 2005இல் செய்திகள் வெளியாயின. வாங்கியவர்கள் யார் என்று பார்த்தால் எண்ணிக்கையைவிடச் சுவையான செய்தி கிடைக்கிறது. கர்நாடக அரசு நில ஆவணப் பணிக்குப் பயன்படுத்தியது. போக்குவரத்து விதிமீறல்களைப் பதிவுசெய்து அபராதச் சீட்டு வழங்கக் காவல்துறைக்குப் பயன்பட்டது. சத்தீஸ்கரில் கல்விப் பணிக்கு முயன்று பார்த்தனர். என்கோர் நிறுவனம் இதே வடிவமைப்பின் அடிப்படையில் இந்திய ராணுவத்துக்காக 'சாத்தி' என்னும் களக்கருவியை உருவாக்கியது.

இப்பட்டியலில் கல்வி முயற்சி ஒன்றை நீக்கிப் பார்த்தால் எஞ்சுவன எல்லாம் தகவல் திரட்டும் பணிகள். அதிகாரி கருவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார். எதிரே நிற்பவர் பெயர், நிலத்தின் அளவு, வண்டி எண் என்று விடை சொல்கிறார். மக்கள் தகவலைப் பெறுவதற்காகக் கருதப்பட்ட கருவி, மக்களிடமிருந்து தகவலைப் பெறுவதற்கு உகந்ததாயிற்று. இதில் எவருடைய சூழ்ச்சியும் இல்லை. விலை கொடுக்கும் ஆற்றல் யாரிடம் இருந்ததோ அவருடைய 'வேண்டும்' செயலாயிற்று. தகவலைக் கேட்டுப் பெறும் நிலையில் இருந்த உழவருக்குச் சொல்வதற்கு அக்கருவியில் போதிய உள்ளடக்கமும் இருக்கவில்லை. சந்தை விலை, மருத்துவக் குறிப்பு, அரசுத் திட்டம் என எதுவாயினும் ஒவ்வொரு மொழியிலும் எவரேனும் எழுதி, நாள்தோறும் புதுப்பித்துத் தந்தால்தான் இயந்திரம் அதைப் படித்துக் காட்ட முடியும். அந்த உழைப்புக்கு எந்த உரிமத்திலும் ஏற்பாடு இல்லை.

விலையே பெயராதல்

சிம்ப்யூட்டர் தளர்ந்த காலத்தில் கனவு வேறு கைகளுக்கு மாறியது. 2005 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் நிக்கோலஸ் நெக்ரோபான்டே குழந்தைக்கொரு மடிக்கணினி என்னும் திட்டத்தை முன்வைத்தார். ஆலன் கேயும் சீமோர் பேப்பர்ட்டும் அதனோடு தொடர்புடையவர்கள் என்பதால் 1968ஆம் ஆண்டின் கனவு நேராக அங்கு வந்து சேர்ந்தது எனலாம். வெயிலில் படிக்கத்தக்க திரை, மிகக் குறைந்த மின்செலவு, அருகிலுள்ள கருவிகளோடு தானே இணையும் வலையமைப்பு எனப் பல சிறப்புகள் அதில் இருந்தன. ஆயினும் உலகம் அதை 'நூறு டாலர் மடிக்கணினி' என்றே அழைத்தது. 2007 இறுதியில் பெருமளவு உற்பத்தி தொடங்கியபோது விலை 180 டாலரைத் தாண்டியிருந்தது. அதற்கு முன்பே, 2006இல், இந்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் அத்திட்டத்தில் சேர மறுத்துவிட்டது. வகுப்பறைகளும் ஆசிரியர்களுமே அவசரத் தேவை என்பது அதன் வாதம்.

மறுத்த அமைச்சகமே சில ஆண்டுகளில் இன்னும் மலிவான கருவியை அறிவித்தது. 2011 அக்டோபர் 5 அன்று தில்லியில் 'ஆகாஷ்' பலகைக் கணினி வெளியிடப்பட்டது. அரசு ஒவ்வொன்றுக்கும் கொடுத்த விலை 2,276 ரூபாய்; மானியம் போக மாணவருக்கு ஏறக்குறைய 35 டாலர். ஏழு அங்குலத் திரை, 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 மெகாபைட் நினைவகம். அதில் இயங்கிய ஆண்ட்ராய்டு 2.2 பதிப்புக்கு இந்திய எழுத்துகளை முறையாகக் காட்டும் திறன் இயல்பாக இருக்கவில்லை. பத்தாண்டுகளுக்கு முன் கன்னடத்திலும் தமிழிலும் பேசிக் காட்டிய கருவியைச் செய்த நாட்டில், மாணவருக்கான கணினியின் அளவுகோல் விலை மட்டுமே என்றாகியிருந்தது. சிம்ப்யூட்டரின் பெயரில் இருந்த நான்கு சொற்களில் 'மலிவு' நிலைத்தது, 'பன்மொழி' உதிர்ந்தது.

அதே 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியதை இதனோடு ஒப்பிடலாம். ஏழைக்கென்று தனியே வடிவமைத்த கருவியாக அல்லாமல், மற்றவர்கள் கடையில் வாங்கும் வகையான முழு மடிக்கணினியே அங்கு வழங்கப்பட்டது. அது தேர்தல் வாக்குறுதியாக வந்தது. வாக்குச்சீட்டு குறையுள்ள கருவிதான். ஆயினும் விரும்புகிறவருக்கும் வழங்குகிறவருக்கும் இடையே ஏதோ ஒரு பேரம் அதன்வழி நிகழ்ந்தது. வடிவமைப்புக் கூடத்தில் அத்தகைய பேரத்துக்கு இடமிருந்ததில்லை.

மக்கள் தேர்ந்துகொண்ட கருவி

இவ்வளவுக்கும் இடையில் மக்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே தேர்ந்துகொண்டிருந்தனர். 2003இல் இந்தியாவில் உள்வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் இல்லாமல் போயிற்று. அதே ஆண்டு வெளியான நோக்கியா 1100 கைபேசியில் தூசு புகாத விசைப்பலகையும் கைவிளக்கும் இருந்தன. உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்ற கருவி அது. சிம்ப்யூட்டர் கடைக்கு வந்த 2004இலேயே இந்தியாவில் கைபேசி இணைப்புகள் தரைவழி இணைப்புகளை விஞ்சின. 2006 முடிவதற்குள் அவை 10 கோடியைக் கடந்தன.

கணினி என்னும் அளவுகோலில் நோக்கியா 1100 சிம்ப்யூட்டருக்கு நிகரில்லை. தகவல் வங்கி இல்லை, ஒலிமாற்றி இல்லை, அட்டைவழி அடையாளம் இல்லை. ஆயினும் எழுத்தறியாதவருக்கு அது முழுமையான கருவி. மறுமுனையில் மனிதர் இருந்தார். அவர் ஏட்டுமொழியில் பேசவில்லை. புரியாவிட்டால் திருப்பிக் கேட்கலாம். பொய் சொன்னால் குரலிலேயே கண்டுகொள்ளலாம். சந்தை விலை தெரிய வேண்டுமானால் சந்தையில் இருக்கும் உறவினரைக் கேட்கலாம். எண்களை அடையாளம் காணத் தெரிந்தால் போதும். அதுவும் தெரியாதவருக்கு வீட்டுப் பிள்ளை எண்ணை அழுத்திக் கொடுக்கும். சிம்ப்யூட்டரின் வடிவமைப்பாளர்கள் ஊர்ப்புற மனிதரைத் தகவல் இல்லாதவராகக் கண்டனர். அவரோ தொலைவில் இருப்பவரோடு பேச வழியில்லாதவராகத் தம்மை உணர்ந்திருந்தார். இரண்டு பார்வைக்கும் இடைப்பட்ட தொலைவு சிறியதன்று.

இதைக் கொண்டு சிம்ப்யூட்டரை உருவாக்கியவர்களைக் குறைத்து மதிப்பிடுவது முறையாகாது. மூன்றில் ஒரு பங்கினரால் படிக்க இயலாத நாட்டில், அவர்களைக் கணினியின் பயனர்களாகக் கருதத் துணிந்தவர்கள் அன்று மிகச் சிலர். 'முதலில் எழுத்தறிவு, பிறகு கணினி' என்பதே அக்காலத்தின் பொதுக்கருத்து. அந்த வரிசையை அவர்கள் மறுத்தனர். த்வனி பொதுவில் விடப்பட்டதால் பின்வந்த தன்னார்வலர்கள் அதைப் பல மொழிகளுக்கு விரிக்க முடிந்தது. கருவி மறைந்த பின்பும் அதன் குரல் எஞ்சியது.

இன்று அக்குரல் பெரும் ஆற்றலோடு திரும்பியிருக்கிறது. மலிவான கைபேசிகள் பேச்சைக் கேட்டு விடை சொல்கின்றன. 2022இல் இந்திய அரசு தொடங்கிய பாஷிணி திட்டம், இந்திய மொழிகளுக்கிடையே பேச்சாகவும் எழுத்தாகவும் மொழிபெயர்ப்பதை நோக்கமாகக் கொண்டது. த்வனியால் இயலாத இரண்டாம் திசை இப்போது திறந்துவிட்டது: இயந்திரம் கேட்கிறது. ஆனால் கேட்டதை வைத்துக்கொள்ளும் இடம் மாறிவிட்டது. சிம்ப்யூட்டரின் அட்டையில் ஒருவரின் தரவு அவர் கையோடு இருந்தது. இன்று அது எங்கோ உள்ள வழங்கியில் இருக்கிறது. கருவி ஆளுக்கு ஒன்றாயிற்று. தரவு கையைவிட்டுப் போயிற்று. 1999இல் பெங்களூரில் வகுத்த ஏற்பாடு அப்படியே தலைகீழானது.

இரட்டை வழக்கு என்னும் பழைய சுவரும் அப்படியே நிற்கிறது. பேச்சறியும் மென்பொருளைப் பயிற்றுவிக்க யாருடைய பேச்சு பதிவு செய்யப்படுகிறதோ அவருடைய வழக்கே இயந்திரத்துக்குப் புரியும். செய்தி வாசிப்பாளரின் தமிழைக் கேட்டு வளர்ந்த இயந்திரம், கரிசல்காட்டு மூதாட்டியின் சொல்லைப் பிழை என்று ஒதுக்கினால், எழுத்தறியாமைக்கு அவர் அன்று கொடுத்த விலையைப் பேச்சு வழக்குக்காக இன்று கொடுக்க நேரும். எந்த வட்டாரம், எந்தச் சாதி, எந்த வயதினரின் குரல்கள் தரவாகின்றன என்பது மொழியியல் துறையின் கேள்வி மட்டுமன்று. யாரெல்லாம் பயனராகக் கருதப்படுகிறார்கள் என்னும் 2001ஆம் ஆண்டின் கேள்வியே அது.

ஆலன் கே அட்டைப் பெட்டிக்குள் ஈயக்குண்டுகளை இட்டுத் தூக்கிப் பார்த்தது, ஒரு பொருள் கையில் எப்படி உறுத்தும் என்பதைக் கையே சொல்ல வேண்டும் என்பதனால்தான். உன்னதமான கணினி பற்றிய எந்தப் பட்டியலுக்கும் அது பொருந்தும். 'அவர்களுக்கு வேண்டும்' என்று எழுதும் முன், அவர்கள் வாயால் 'எங்களுக்கு வேண்டும்' என்று சொல்லக் கேட்பது எளிய செயலாகத் தோன்றலாம். கையடக்கக் கணினியின் இந்திய வரலாற்றில் மிக அரிதாக நிகழ்ந்ததும் அதுவே.